முதல் நூறு பேரின் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சமூக ஊடகங்களில் செல்வாக்கு மிக்க நூறு பேர், அதிகம் கவனிக்கப்படும் ஐம்பது பேர் என்றெல்லாம் பட்டியல் போடும் நிறுவனங்களுக்கும், இதழ்களுக்கும், விளம்பர முகவர்களுக்கும், கணினியில் ஓர் எக்செல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆர்வத்தில் தனியாளாகப் பட்டியல் போடுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பட்டியலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அறிவியலை எளிமையாகச் சொல்கிறவர்கள், பழைய ஆவணங்களைத் தேடி எடுத்துப் போடுகிறவர்கள் என்று நான் இன்று விடாமல் படிக்கும் பலரை ஏதோ ஒரு பட்டியலின் அறுபதாவது, எழுபதாவது இடத்தில்தான் முதலில் பார்த்தேன். அதனால் இந்த வேலைக்கு ஒரு பயன் உண்டு என்று நம்புகிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பட்டியலை வெளியிடும்போது அதன் கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள். யாரையெல்லாம் எண்ணினீர்கள், எதை எண்ணினீர்கள், எந்த நாட்களுக்கு எண்ணினீர்கள், எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தீர்கள் என்று ஒன்றுவிடாமல்.

இது ஏதோ நுணுக்கம் பார்க்கும் ஆட்களின் தொல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு நடிகர், ஓர் ஓவியர், ஒரு கணித ஆசிரியர். நடிகருக்கு 10 லட்சம் ஃபாலோயர்கள். பதிவு ஒன்றுக்குச் சராசரியாக 5,000 லைக், 100 கமெண்ட். ஓவியருக்கு 2 லட்சம் ஃபாலோயர்கள்; 8,000 லைக், 300 கமெண்ட். ஆசிரியருக்கு 20 ஆயிரம் பேர்தான். லைக் 2,000, ஆனால் கமெண்ட் 900. அவர் ஒரு கணக்கைப் போடுகிறார், படிக்கிறவர்கள் விடை எழுதுகிறார்கள்.

பல பட்டியல்களில் நடப்பது இதுதான்: ஒவ்வோர் அளவிலும் முதலிடத்தில் இருப்பவருக்கு 100 கொடுத்து, மற்றவர்களுக்கு அந்த விகிதத்தில் மதிப்பெண் போடுவது, பிறகு ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பங்கு வைத்துக் கூட்டுவது. ஃபாலோயருக்கு 50 சதவீதம், லைக்குக்கு 30, கமெண்ட்டுக்கு 20 என்று வைத்தால் நடிகர் 71, ஓவியர் 46.7, ஆசிரியர் 28.5. நடிகர்தான் முதலிடம். பங்கை மாற்றி ஃபாலோயருக்கு 20, லைக்குக்கு அதே 30, கமெண்ட்டுக்கு 50 என்று வைத்துப் பாருங்கள். ஆசிரியர் 57.9, ஓவியர் 50.7, நடிகர் 44.3. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. சரி, முதலில் சொன்ன 50-30-20 பங்கையே வைத்துக்கொள்வோம். ஃபாலோயர் எண்ணிக்கையை மட்டும் நேரடியாக எடுக்காமல் அதன் மடக்கையை (லாகரிதம்; எண் பத்து மடங்கானால் இது ஒரு படி மட்டுமே கூடும்) எடுப்போம். பெரிய எண்கள் சின்ன எண்களை விழுங்கிவிடாமல் இருக்கப் புள்ளியியலில் வழக்கமாகச் செய்வதுதான் இது. இப்போது ஓவியர் 80.8, நடிகர் 71, ஆசிரியர் 63.3. ஓவியர் முதலிடம்!

மூவரில் யாரும் புதிதாக ஒரு வரி எழுதவில்லை, ஒரு லைக் கூட அதிகமாகவில்லை, குறையவில்லை. மூன்று கணக்குகளுமே கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் முதலிடம் மூன்று பேரிடம் மாறி மாறிப் போய்விட்டது. அந்த இடத்தைத் தந்தது பட்டியல் போட்டவரின் தேர்வு.

இன்னொன்றும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. அதே 50-30-20 கணக்கில் நான்காவதாக ஒருவரைச் சேருங்கள். ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர் ஒருவர், 1 கோடி ஃபாலோயர்கள், பதிவுக்கு 4,000 லைக், 50 கமெண்ட். அவர் வந்ததும் ஃபாலோயர் அளவில் 100 அவருக்குப் போய்விடும்; நடிகரின் 100 வெறும் 10 ஆகச் சுருங்கும். வீரர் 66.1 வாங்கி முதலிடத்துக்கு வருகிறார். அது பரவாயில்லை. ஆனால் அவருக்குக் கீழே ஓவியர் 37.7, ஆசிரியர் 27.6, நடிகர் 26. நேற்று வரை மற்ற இருவருக்கும் மேலே இருந்த நடிகர், யாரோ ஒருவர் வாசலில் நுழைந்ததால் இருவருக்கும் கீழே போய்விட்டார். "இந்த ஆண்டு செல்வாக்கு சரிந்தவர்கள்" என்று நீங்கள் ஒரு பெட்டிச் செய்தி போடுகிறீர்களே, அதில் வருகிறவர்களில் எத்தனை பேர் இப்படிச் சரிந்தவர்கள் என்பதை உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. கணக்கு உங்கள் கையில் மட்டும்தானே இருக்கிறது.

கணக்கை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் க்ளவுட் என்ற நிறுவனத்தின் கதை நம் கண்முன் இருக்கிறது. 2008இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஆளுக்கு 1 முதல் 100 வரை ஒரு செல்வாக்கு மதிப்பெண் போட்டது. சூத்திரம் இரகசியம். 2011 அக்டோபரில் சூத்திரத்தை மாற்றியபோது பலருடைய மதிப்பெண் ஒரே நாளில் விழுந்தது. பயனர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை பாடகர் ஜஸ்டின் பீபர் 100 வாங்கி உச்சியில் இருந்தார். அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா அவருக்குக் கீழே. ஆகஸ்டில் மறுபடி சூத்திரம் மாறியது. ஒருவரின் செல்வாக்கைக் கணிக்க நூற்றுக்கும் குறைவான தடயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியாவில் ஒருவருக்கு இருக்கும் இடமும் கணக்கில் வந்தது. ஒபாமா பீபரைத் தாண்டினார். அந்த வாரத்தில் உலகத்தில் இருவருடைய செல்வாக்கும் இடம் மாறிக்கொண்டதா என்ன? 2018 மே 25 அன்று க்ளவுட் மூடப்பட்டது. ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாள்.

மதிப்பெண்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சந்தைப்படுத்தல் துறையில் நல்ல அனுபவம் உள்ள ஒருவருக்குக் க்ளவுட் மதிப்பெண் 34 மட்டுமே இருந்ததால் ஒரு வேலை கைநழுவியது, 67 வைத்திருந்தவருக்கு அது போனது என்று 2012இல் செய்தி வந்தது. இன்று அந்த நிறுவனம் இல்லை, பழக்கம் இருக்கிறது. விளம்பர ஒப்பந்தம் யாருக்கு, நிகழ்ச்சி மேடை யாருக்கு, செய்தித் தொலைக்காட்சியின் விவாதத்தில் நாற்காலி யாருக்கு என்பதை முடிவு செய்கிறவர்கள் உங்கள் பட்டியலைத்தான் முதலில் திறந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆராய நேரம் இல்லை. உங்களிடம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது எண்ணுவதற்கு முந்தைய கட்டத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான், இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நூறு பேரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், சரி. எந்தக் கூட்டத்திலிருந்து? சமூக ஊடகத்தில் இருக்கும் எல்லாரையும் யாரும் எண்ண முடியாது. ஆகவே முதலில் சில ஆயிரம் பேரின் பெயர்கள் உங்களிடம் வந்து சேர வேண்டும். சிலர் போன ஆண்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதில் கூட்டிக் கழிக்கிறார்கள். சிலர் தெரிந்த பெயர்களில் ஆரம்பித்து, அவர்கள் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று பார்த்து வலையை விரிக்கிறார்கள். சிலர் விண்ணப்பம் கேட்கிறார்கள். சிலர் குறிப்பிட்ட ஹேஷ்டேக்கில் எழுதுகிறவர்களை மட்டும் எடுக்கிறார்கள். ஒவ்வொரு வழியிலும் ஒரு வகை ஆட்கள் வடிகட்டியில் நின்றுவிடுவார்கள். ஹேஷ்டேக் போட்டு எழுதும் பழக்கமே இல்லாதவர், ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதுகிறவர், தன் குறிப்பில் ஊரையும் தொழிலையும் போடாதவர், பெயரை மறைத்து எழுதுகிறவர், தன்னை முன்மொழிந்துகொள்ளக் கூச்சப்படுகிறவர். இவர்கள் யாரும் குறைந்த மதிப்பெண் வாங்கித் தோற்கவில்லை, தேர்வு அறைக்குள்ளேயே வரவில்லை. ஆனால் பட்டியலைப் பார்க்கிறவர் "இந்தத் துறையில் பெண்களே இல்லை போலிருக்கிறது" என்றோ, "இந்த மொழியில் யாரும் உருப்படியாக எழுதுவதில்லை" என்றோ நினைத்துக்கொண்டு போவார். எத்தனை பேரிலிருந்து எடுத்தோம், அந்த எத்தனை பேரை எப்படிச் சேர்த்தோம் என்று இரண்டு வரி போட்டிருந்தால் அந்தத் தப்பான முடிவுக்கு வந்திருக்க மாட்டார்.

எண்ணும் பொருளுக்கு வருவோம். ஃபாலோயர் எண்ணிக்கை எளிது, எல்லாருக்கும் தெரிகிறது, அதனால் எல்லாரும் அதை எடுக்கிறார்கள். அது எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது தெரிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2010இல் மியாங் சா உள்ளிட்ட ஆய்வாளர்கள் ட்விட்டரில் ஐந்தரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான கணக்குகளின் தரவை எடுத்து, ஃபாலோயர் எண்ணிக்கை, ரீட்வீட், பெயர் குறிப்பிடப்படுதல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் உச்சியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். ஃபாலோயர் அதிகம் இருப்பதால் மட்டும் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்துப் பகிர்கிறார்கள் என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் கண்டது.

ஃபாலோயர் வேண்டாம், ஈடுபாட்டு விகிதம் எடுக்கிறோம் என்று உங்களில் பலர் மாறியிருக்கிறீர்கள். லைக்கையும் கமெண்ட்டையும் கூட்டி ஃபாலோயரால் வகுப்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் சிறிய கணக்குகளில் இந்த விகிதம் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். நூறு ஃபாலோயர்களில் பெரும்பாலோர் நண்பர்களும் உறவினர்களும் என்றால் இருபது சதவீதம் வருவது பெரிய காரியம் இல்லை. அதனால் ஏதோ ஓர் எல்லைக்குக் கீழே இருப்பவர்களை விட்டுவிடுகிறீர்கள். அந்த எல்லை 5,000 ஆ, 10,000 ஆ, 50,000 ஆ? எங்கே கோடு போடுகிறீர்களோ அதற்குச் சற்று மேலே இருப்பவர்கள் வரிசையில் ஏறிக்கொள்வார்கள். அப்புறம், கமெண்ட்டை எண்ணும்போது திட்டும் கமெண்ட்டும் அதில் சேர்கிறது. ஒரு கூட்டத்தைத் தினமும் சீண்டிக்கொண்டே இருப்பவருக்கு விகிதம் எகிறும். ஃபேஸ்புக்கே இந்தப் பாடத்தைப் படித்தது. 2017இல் கோபக் குறி உட்பட உணர்ச்சிக் குறிகளுக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்துப் பதிவுகளை வரிசைப்படுத்தினார்கள். பிறகு கோபக் குறியின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து 2020இல் சுழியம் ஆக்கினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே தான் வைத்த பங்கு தவறென்று மாற்றியிருக்கும்போது, உங்கள் 50-30-20 கல்லில் செதுக்கியது போல வருடா வருடம் ஒரு விளக்கமும் இல்லாமல் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பார்வை எண்ணிக்கையும் ஒரே பொருள் அல்ல. ஃபேஸ்புக்கில் வீடியோவை 3 விநாடி பார்த்தால் ஒரு பார்வை என்று எண்ணி வந்தார்கள். யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல், ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. குறைந்தபட்ச நேரம் எதுவும் இல்லை. எக்ஸ் தளத்தில் ஒரு பதிவு ஒருவரின் திரையில் வந்தாலே போதும். இவற்றையெல்லாம் ஒரே தலைப்பின் கீழ்க் கூட்டி "மொத்தப் பார்வைகள் இத்தனை கோடி" என்று போடுவது கணக்கே அல்ல. மூன்று தளங்களில் தலா 2 லட்சம் ஃபாலோயர்கள் வைத்திருப்பவரை 6 லட்சம் பேரின் செல்வாக்கு உள்ளவர் என்று எழுதுவதும் அப்படித்தான். மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே ஆட்களாக இருக்கலாம்.

சராசரி எடுக்கும் விதமும் ஒரு சிக்கல், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மாதத்தில் 30 பதிவுகள் போடுகிறார். 29 பதிவுகளுக்குத் தலா 200 லைக். ஒன்று மட்டும் எப்படியோ பரவி 1 லட்சம் லைக் வாங்குகிறது. சராசரி 3,500க்கும் மேல். நடுவில் இருக்கும் எண்ணான இடைநிலையை எடுத்தால் 200. முதல் எண்ணில் அவர் நட்சத்திரம், இரண்டாவதில் உங்களையும் என்னையும் போல ஒருவர். நீங்கள் எடுத்த மாதம் எந்த மாதம் என்பதும் இதே போல எல்லாவற்றையும் மாற்றும்.

எதை எண்ணுகிறோம் என்பதற்காக நடந்த மிகப் பெரிய சண்டை ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2020இல் கெவின் ரூஸ் என்ற பத்திரிகையாளர், ஃபேஸ்புக்கில் அதிக ஈடுபாடு பெற்ற இணைப்புப் பதிவுகள் பத்தைத் தினமும் ட்விட்டரில் வெளியிடத் தொடங்கினார். பெரும்பாலான நாட்களில் ஒரே அரசியல் சாய்வு கொண்ட பக்கங்கள் பட்டியலை நிறைத்தன. ஈடுபாடு வேறு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறு, பார்வையை வைத்து எடுத்தால் வேறு படம் கிடைக்கும் என்று ஃபேஸ்புக் பதில் சொன்னது. அது உண்மையும்கூட. 2021 ஆகஸ்டில் அதிகம் பார்க்கப்பட்டவை பற்றித் தங்கள் சொந்த அறிக்கையையும் வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய காலாண்டுக்குத் தயாரித்த அறிக்கையைச் சங்கடமான முடிவு வந்ததால் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது சில நாட்களில் அம்பலமானது. பிறகுதான் அதையும் வெளியிட்டார்கள். இதில் ரூஸிடம் நான் மதிப்பது ஒன்று: என்ன எண்ணுகிறேன், எந்தக் கருவியிலிருந்து எடுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதனால்தான் மறுக்க வந்தவர்களால் குறிப்பாக மறுக்க முடிந்தது, படிக்கிறவர்களுக்கு இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தது.

ரூஸ் பயன்படுத்திய, பதிவுகளின் ஈடுபாட்டைக் காட்டும் க்ரவுட்டேங்கிள் கருவியை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. ட்விட்டர் 2023இல் தன் தரவை இலவசமாக எடுக்கும் வழியை அடைத்தது. யூடியூப் 2019 முதல் சந்தாதாரர் எண்ணிக்கையை மூன்று முக்கிய இலக்கங்களுக்குச் சுருக்கித்தான் வெளியாருக்குக் காட்டுகிறது. 12,34,567 சந்தாதாரர்கள் இருந்தாலும் 12,30,000 என்றுதான் தெரியும். உங்கள் வேலை முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதை ஒப்புக்கொண்டு எழுதிய ஒரு பட்டியலையும் நான் இன்னும் பார்க்கவில்லை. சுருக்கிய எண்ணில் ஒன்றாகத் தெரியும் இருவரில் ஒருவருக்கு 41ஆம் இடமும் இன்னொருவருக்கு 42ஆம் இடமும் எதை வைத்துக் கொடுத்தீர்கள்? அகர வரிசையா? தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டும் இடம் இது. அங்கே ஒருவர் ஒரு வருடம் முழுக்க "41ஆம் இடம்" என்று சொல்லிக்கொள்வார், மற்றவர் அதைப் பார்த்து வருந்துவார்.

போலிக் கணக்குகள் பற்றி நீங்கள் எல்லாரும் ஒரு வரி எழுதுகிறீர்கள்: "போலிகளை நீக்கிய பிறகு". எப்படி நீக்கினீர்கள்? 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிகளைக் களையெடுத்தபோது அதன் சொந்தக் கணக்கே 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபாலோயர்களை இழந்தது. 2018 ஜூலையில் ட்விட்டர் முடக்கி வைத்த கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து கழித்தபோது அதன் கணக்குக்கும் 70 லட்சத்துக்கு மேல் போயிற்று. அவர்கள் யாரும் காசு கொடுத்துப் போலிகளை வாங்கியிருக்க மாட்டார்கள். பெரிய கணக்குகளில் போலிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பக்கம், டெவுமி என்ற நிறுவனம் காசுக்கு ஃபாலோயர்களை விற்றதை 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. விற்ற போலிக் கணக்குகளில் குறைந்தது 55 ஆயிரம், உண்மையான மனிதர்களின் பெயர், படம் ஆகியவற்றைத் திருடிச் செய்தவை. அசலைப் பார்த்துச் செய்த போலியை வெளியிலிருந்து அடையாளம் காண்பது அவ்வளவு எளிதா? சந்தையில் கிடைக்கும் சோதனைக் கருவிகள் ஃபாலோயர்களில் ஒரு சிறு பகுதியை எடுத்துப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுகள்தான். மதிப்பீடு என்று சொல்லுங்கள், கருவியின் பெயரையும் போடுங்கள். கழித்த சதவீதத்தை ஒவ்வொருவருக்கும் எதிரே கொடுங்கள். காசு கொடுத்து வாங்கியவரையும், போலிகள் தாமாக வந்து ஒட்டியவரையும் ஒரே கோலால் அடிக்காதீர்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், உங்கள் பட்டியல் பிரபலத்தை எண்ணுவதோடு நிற்பதில்லை, அதை உண்டாக்கவும் செய்கிறது. 2009இல் ட்விட்டர் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இவர்களைப் பின்தொடரலாம் என்று ஒரு பரிந்துரைப் பட்டியல் வைத்திருந்தது. அதில் இடம் கிடைத்தவர்களுக்கு லட்சக்கணக்கில் ஃபாலோயர்கள் சேர்ந்தார்கள். அவர்களோடு ஒப்பிடத்தக்க மற்றவர்களுக்குச் சேரவில்லை. கடுமையான விமர்சனம் எழுந்து அடுத்த ஆண்டே அந்த முறையை மாற்றினார்கள். இதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர்கள் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். அதிகம் அறியப்படாத 48 பாடல்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல்களை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் இதற்கு முன் ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் பதிவிறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் பிரபலமானவை இன்னும் பிரபலமாயின, மற்றவை இன்னும் பின்தங்கின. அதோடு, எந்தப் பாடல் மேலே போகும் என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாடல்கள் பெரும்பாலும் மோசமாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் ஜெயிக்கவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலைதான்.

உங்கள் பட்டியலில் இடம்பெறுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நடுவில் இருப்பவர்கள்தான். தரத்தில் அவர்களுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உள்ளே வந்த ஒருவருக்கு அடுத்த மாதம் ஃபாலோயர் கூடும், அடுத்த ஆண்டு அந்தக் கூடுதலையே எண்ணி நீங்கள் அவரை மேலே ஏற்றுவீர்கள். வெளியே நின்றவர், மூன்றாண்டு கழித்து, நம் எழுத்தில் ஏதோ குறை என்று நினைத்து எழுதுவதையே விட்டுவிடக்கூடும். அப்படி விட்டுவிட்ட சிலரை நான் அறிவேன். அவர்கள் எழுதாமல் போனது எனக்கு இழப்பு. அதனால்தான் கோபமாகவே எழுதுகிறேன்.

என்ன செய்யலாம் என்று குறிப்பாகவே கேட்கிறேன். தலைப்பில் நீங்கள் எண்ணியதைப் போடுங்கள்: இந்த மூன்று மாதங்களில், இந்தத் தளத்தில், இந்தக் கூட்டத்தில் பதிவு ஒன்றுக்கு அதிகக் கமெண்ட் பெற்றவர்கள் என்று. கவர்ச்சி குறையும், தெரியும். உண்மை கூடும். பங்கு விகிதத்தை வெளியிடுங்கள்; வேறு இரண்டு விகிதங்களில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொருவரின் இடமும் எங்கிருந்து எங்கே போகிறது என்பதையும் பக்கத்தில் கொடுங்கள். ஒருவர் 12க்கும் 18க்கும் நடுவில் ஊசலாடுகிறார் என்றால் அப்படியே எழுதுங்கள். இன்னொருவர் 9க்கும் 74க்கும் நடுவில் போய்வருகிறார் என்றால் அதுவும் செய்திதான், சொல்லப்போனால் அதுதான் பெரிய செய்தி. வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத இடங்களில் எண் போடாமல் ஒரே தொகுதியாக வையுங்கள். முதல் பத்து, அடுத்த முப்பது, அதற்கடுத்த அறுபது என்று தொகுத்து, தொகுதிக்குள் பெயர் வரிசையில் போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை.

பணம் பற்றியும் கேட்டாக வேண்டும். கட்டணம் கட்டினால் பட்டியலில் பரிசீலிக்கிறோம், வென்றவர் என்ற முத்திரையைப் பயன்படுத்த இவ்வளவு தொகை என்று கடிதங்கள் வருவதை இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். உங்களில் நேர்மையாகச் செய்கிறவர்களின் பெயரையும் அது கெடுக்கிறது. பட்டியலில் இருக்கும் யாரிடமாவது நீங்களோ உங்கள் நிறுவனமோ பணம் பெறுகிறீர்கள் என்றால், அந்தப் பெயருக்கு நேராக அதைக் குறிப்பிடுங்கள். அவர்களுக்கு விளம்பரம் தேடித் தரும் முகவரே பட்டியலையும் போடுகிறார் என்றால் அதை முதல் வரியில் சொல்லுங்கள்.

பட்டியலில் இருக்க விரும்பாதவர் கேட்டால் நீக்கிவிடுங்கள். நிறையப் பேர் படிப்பதாலேயே ஒருவர் மதிப்பெண்ணுக்குச் சம்மதித்தார் என்று ஆகாது. தவறு இருக்கிறது என்று எழுதுகிறவருக்கு ஒரு முகவரி, பதில் சொல்ல ஒரு கால அளவு, திருத்தினால் எதைத் திருத்தினோம் என்று பட்டியலின் கீழேயே ஒரு குறிப்பு. சூத்திரத்தை மாற்றிய ஆண்டில் பழைய சூத்திரத்திலும் ஒருமுறை கணக்குப் போட்டு இரண்டையும் அருகருகே வெளியிடுங்கள். அப்போதுதான் ஏறியவர் ஏறினாரா, அளவுகோல் நகர்ந்ததா என்பது தெரியும்.

சூத்திரத்தை வெளியிட்டால் அதை வைத்தே ஏமாற்றுவார்கள் என்று நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். ஏமாற்றுகிறவர்கள் இப்போதும் ஏமாற்றத்தான் செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ளக் குழு அமைப்பதும், கமெண்ட்டை விலைக்கு வாங்குவதும் உங்கள் சூத்திரம் இரகசியமாக இருக்கும் இந்த நாட்களில்தான் நடக்கின்றன. இரகசியத்தால் கண்கட்டப்பட்டிருப்பது, கேள்வி கேட்டுச் சரிபார்க்கத் தயாராக இருக்கும் வாசகர்தான். போலிக் கணக்கைக் கண்டுபிடிக்கும் நுட்பத்தை வேண்டுமானால் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதில் நியாயம் உண்டு. பங்கு விகிதத்தையும், கால அளவையும், யாரிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் பூட்டுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

அடுத்த பட்டியல் வருவதற்கு முன் யாராவது ஒருவர் உங்கள் அட்டவணையைத் திறந்து வையுங்கள். பெயர்களை மறைத்து, எண்களை மட்டும் கொடுத்தாலும் போதும். பங்கு விகிதத்தை மாற்றி மாற்றிப் போட்டு, யாருடைய இடம் அசையாமல் நிற்கிறது, யாருடைய இடம் அசைகிறது என்று கணக்கிட்டு உங்களுக்கே அனுப்புகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். அதை வெளியிடுவதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் பட்டியல்களைத் தவறாமல் படிக்கும் வாசகர்